அவையில் பேசியதும் கோர்ட்டில் வாதாடியதும்: இலவச ஆவணத் தளங்கள் எவ்வளவு தூரம் கைகொடுக்கின்றன?

பல ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் இருந்துவிட்டு, மறுபடி கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குத் திரும்பும் தலைவர்கள் நம் நாட்டில் உண்டு. அப்படி ஒருவர் அவையில் என்ன பேசினார், அமைச்சராக என்ன பதில் சொன்னார், வழக்கறிஞராக என்ன வாதாடினார் என்பதை மூலத்திலிருந்தே படிக்க வேண்டுமென்றால் ஒரே இடம் கிடையாது. நாடாளுமன்ற டிஜிட்டல் நூலகம், மாநிலங்களவை விவாதத் தளம், மத்திய பட்ஜெட் தளம், நாடாளுமன்றப் பணிகளை ஆராயும் பிஆர்எஸ் அமைப்பின் எம்.பி. டிராக், உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வ தீர்ப்புத் தொகுப்பான டிஜிட்டல் எஸ்சிஆர், உயர் நீதிமன்ற, கீழமை நீதிமன்ற வழக்குகளைப் பார்க்கும் இ-கோர்ட்ஸ் என்று ஆறு இடங்களுக்குப் போக வேண்டும். எல்லாமே இலவசம். ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை.

ப. சிதம்பரத்தின் பொதுவாழ்வு இவற்றைச் சோதித்துப் பார்க்கப் பொருத்தமான உதாரணம். 1969ல் வழக்கறிஞராகப் பதிவு, 1984ல் சிவகங்கையிலிருந்து முதல்முறை மக்களவை, பிறகு மூன்று கட்டங்களில் நிதித்துறை, இடையில் உள்துறை, 2014க்குப் பின் மீண்டும் உச்ச நீதிமன்றம், 2016 முதல் மாநிலங்களவை. ஆறு தளங்களிலும் அவருடைய தடம் இருக்கிறது.

எந்தத் தளத்தைத் திறப்பதற்கு முன்பும் தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெயரை அடித்துத் தேடத் தொடங்குகிறவர்கள் பாதி வழியில் விட்டுவிடுவதற்குக் காரணம் இதைச் செய்யாததுதான். எந்தெந்த மக்களவை, எந்தத் துறை, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எப்போது எந்த அவையிலும் இல்லை என்ற நான்கும் வேண்டும். சிதம்பரத்துக்கு 1999 முதல் 2004 வரை அவை கிடையாது. 2004 மே முதல் 2008 நவம்பர் 30 வரை நிதி, அதன்பின் 2012 ஜூலை வரை உள்துறை, பிறகு 2014 மே வரை மறுபடி நிதி. 1997ல் ஒரு சின்ன இடைவெளியும் உண்டு. தேவகவுடா அரசு கவிழ்ந்து குஜ்ரால் பொறுப்பேற்றதும், ஏப்ரல் 21லிருந்து மே 1 வரை நிதித்துறை பிரதமரிடமே இருந்தது. அந்தப் பத்து நாள் ஆவணத்தை சிதம்பரத்தின் கணக்கில் எழுதினால் தப்பு. இப்படி எழுதிவிடுகிறவர்கள் நிறைய.

நாடாளுமன்ற டிஜிட்டல் நூலகத்தின் செல்வம் சாதாரணமானது அல்ல. 1952ல் கூடிய முதல் மக்களவையிலிருந்து விவாதங்கள், கேள்வி பதில்கள், குழு அறிக்கைகள், அதற்கும் முந்தைய அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் எல்லாம் பிடிஎஃப் ஆக இருக்கின்றன. சிக்கல் தேடலில் இருக்கிறது. பெயர் முதலில், பிறகு கால்புள்ளி, அடுத்து ‘ஸ்ரீ’, கடைசியில் இனிஷியல் என்ற வரிசையில்தான் உறுப்பினர் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. நாம் வழக்கமாக எழுதுகிற மாதிரி இனிஷியலை முன்னால் போட்டால் பாதி விடுபடும். சிதம்பரம் என்று மட்டும் கொடுத்தால் இன்னொரு தொல்லை: அது ஊரின் பெயர், மக்களவைத் தொகுதியின் பெயரும் கூட. ரயில் நிறுத்தம் கேட்ட பேச்செல்லாம் வந்து நிற்கும். மேம்பட்ட தேடலில் உறுப்பினர் பெயருக்கான கட்டத்தை எடுத்து, மக்களவை எண்ணையும் கூட்டத்தொடர் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் பட்டியல் சட்டென்று சுருங்கும்.

பழைய அவைகளுக்கு அந்த வழியும் போதாது. ஒரு நாள் நடவடிக்கை முழுவதும் ஒரே ஸ்கேன் கோப்பாக இருக்கும். உள்ளே எழுத்துத் தேடல் எல்லா நேரமும் வேலை செய்யாது. இங்கே தெரிந்திருக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பழைய விவாதத் தொகுதிகள் பக்கத்துக்கு இரண்டு பத்தியாக, அதாவது செய்தித்தாள் போல இரண்டு நெடுவரிசையாக அச்சானவை. எண் பக்கத்துக்கு அல்ல, பத்திக்கு. மேற்கோளில் 301 என்று இருந்தால் அது 301ஆம் பக்கம் இல்லை. இரண்டால் வகுத்து, முகப்புப் பக்கங்களைக் கூட்டி, 150லிருந்து 160க்குள் தேடுங்கள். இது தெரியாமல் ‘மேற்கோள் தவறு’ என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

தமிழில் பேசிய உறுப்பினர்களைத் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம் ஒன்று காத்திருக்கிறது. உரையின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, கீழே ‘தமிழில் ஆற்றிய உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு’ என்ற அடிக்குறிப்பு, அவ்வளவுதான் கிடைக்கும். பேசிய தமிழ்ச் சொற்கள் அச்சில் இருக்காது. அந்த ஆங்கிலத்தைத் திருப்பித் தமிழாக்கி அவர் சொன்ன வாசகமாக மேற்கோள் குறிக்குள் போடக் கூடாது. சாரத்தைச் சொல்லலாம், வாசகமாகத் தரக் கூடாது.

அமைச்சரின் பதில்களைத் தேடும்போது உறுப்பினர் பெயர்க் கட்டம் உதவாது. அங்கே வருவது கேள்வி கேட்டவர் பெயர். துறையையும் தேதியையும் கொண்டுதான் போக வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் கேள்விகள் 20, எழுத்தில் மட்டும் பதில் தரும் நட்சத்திரமில்லாக் கேள்விகள் 230 வரை. எழுத்துப்பூர்வ பதில்களின் தலைப்பைப் பார்த்தால் பெரும்பாலும் இணை அமைச்சரின் பெயர் இருக்கும். நிதித்துறை பதில் என்பதாலேயே அது நிதியமைச்சர் வாய்மொழி ஆகிவிடாது. அவர் நேரில் எழுந்து பதில் சொன்னதையும் துணைக்கேள்விகளைச் சமாளித்த விதத்தையும் பார்க்க வேண்டுமானால் நட்சத்திரக் கேள்விகளின் விவாதப் பதிவைப் படியுங்கள். ஒரு அமைச்சரின் துறை அறிவு உண்மையில் தெரியும் இடம் அதுதான்.

மாநிலங்களவைத் தளத்தில் உரைகள் தனித்தனிப் பொருளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் வேலை சுலபம். பட்ஜெட் தளம் இன்னும் சுலபம்: 1947-48லிருந்து எல்லா உரைகளும் ஒரே பட்டியலில். தனிநபர் வருமான வரி விகிதங்களை 10, 20, 30 சதவீதமாக மாற்றிய 1997 பிப்ரவரி 28 உரை அங்கே முழுசாக இருக்கிறது. ஆனால் பட்ஜெட் உரை முன்மொழிவு மட்டுமே. எது நிறைவேறியது, எது திருத்தப்பட்டது என்பது நிதி மசோதா விவாதத்தில் இருக்கும். அதற்கு மறுபடி டிஜிட்டல் நூலகம்தான்.

எம்.பி. டிராக் பார்க்க அழகாக இருக்கும், வேகமாகவும் இருக்கும். 2009ல் அமைந்த 15வது மக்களவையிலிருந்து வருகை, விவாதப் பங்கேற்பு, கேள்விகள், தனிநபர் மசோதாக்கள் என்று எண்ணிக்கை தருகிறது. ஒன்றை மறக்கக் கூடாது: அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை, கேள்வி கேட்பதும் இல்லை. அதனால் 2009 முதல் 2014 வரை அமைச்சராக இருந்தவரை இந்த எண்களால் எடைபோட முடியாது. ‘ஐந்து வருஷத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை’ என்று பகிரப்படும் படங்கள் இந்தத் தவறிலிருந்து பிறப்பவை. தளம் இதைக் குறிப்பாகச் சொல்கிறது; படிக்காமல் விடுவது நாம்தான்.

நீதிமன்றப் பக்கம் வருவோம். பலரும் முட்டி நிற்கும் இடம் இது. உச்ச நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞர் வக்காலத்து தாக்கல் செய்ய மாட்டார். கட்சிக்காரர் சார்பில் பதிவில் நிற்பது ஏஓஆர் எனப்படும் பதிவு வழக்கறிஞர். எனவே அந்த நீதிமன்றத் தளத்தின் வழக்கு நிலை பக்கத்தில் வழக்கறிஞர் பெயராக மூத்தவரைத் தேடினால் அவர் ஆஜரான வழக்குகள் அகப்படாது. ஒவ்வொரு விசாரணை நாளுக்கும் வெளியாகும் நடவடிக்கைக் குறிப்பைத் திறக்க வேண்டும். மனுதாரர் தரப்பு, எதிர்மனுதாரர் தரப்பு என்று பிரித்து ஆஜரானவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே வாதாடினார் என்று கொள்ள முடியாது. ஆஜராகி வாதிட அதிகாரம் உள்ளவர்களின் பெயரை மட்டுமே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் சொல்ல வேண்டியிருந்ததே அதற்காகத்தான். வாதம் யாருடையது என்பதற்குத் தீர்ப்பின் உடலில் ‘கற்றறிந்த மூத்த வழக்கறிஞர் முன்வைத்தார்’ என்று தொடங்கும் பத்திகளே சாட்சி.

அந்த வகையில் டிஜிட்டல் எஸ்சிஆர் அருமையான சேவை. பணமதிப்பிழப்பு வழக்கான விவேக் நாராயண் சர்மா தீர்ப்பை, 2023 ஐஎன்எஸ்சி 2 என்ற நடுநிலை மேற்கோள் எண்ணை (தீர்ப்புக்கு நீதிமன்றமே தரும் எண்) கொண்டு எடுத்துப் பாருங்கள். ரிசர்வ் வங்கிச் சட்டம் 26(2) பிரிவில் வரும் ‘எந்தவொரு வரிசை’ என்பது அந்த ரூபாய் நோட்டின் எல்லா வரிசைகளையும் குறிக்காது, பரிந்துரை வங்கியின் மத்திய வாரியத்திலிருந்து கிளம்ப வேண்டும் என்ற சிதம்பரத்தின் வாதங்கள் அதில் பத்தி பத்தியாக இருக்கின்றன. நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. நீதிபதி நாகரத்னாவின் மாறுபட்ட தீர்ப்பு, முன்மொழிவு வங்கியிடமிருந்தே வர வேண்டும் என்ற பக்கம் நின்றது. ரிசர்வ் வங்கிக்கும் நிதி அமைச்சகத்துக்கும் உள்ள உறவை உள்ளிருந்து பார்த்த ஒருவர் அதையே சட்டக் கேள்வியாக்கி வாதிடுவதைப் படிப்பது தனி அனுபவம். எஸ்சிஆரில் அச்சேறிய தீர்ப்புகள் மட்டுமே கிடைக்கும். இடைக்கால உத்தரவுகளுக்கு நீதிமன்றத்தின் சொந்தத் தளத்துக்குத்தான் போக வேண்டும்.

இ-கோர்ட்ஸ் இந்த வேலைக்குச் சுமார்தான். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த 16 இடக் குறியீடான சிஎன்ஆர் எண் கையில் இருந்தால் ஒரு நொடியில் வழக்கு வரும். அது இல்லாமல் பெயரால் தேடினால் ஒரே பெயரில் பலர். சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்னை, மதுரை அமர்வுகளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மதுரை அமர்வு 2004 ஜூலை 24ல்தான் தொடங்கியது என்பதால், சிவகங்கை வழக்குகள் அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் வேறு வேறு இடத்தில் இருக்கலாம்.

எழுதிவைத்த தேதித்தாள் இங்கேதான் கைகொடுக்கும். உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் தீர்ப்பின்படி எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் வழக்காடத் தடையில்லை. அமைச்சராக இருக்கும்போது யாரும் வழக்காடுவதில்லை. ஆகவே 2004 மேயிலிருந்து 2014 மே வரை அந்தப் பெயரில் ஒரு ஆஜர் தெரிந்தால், அது வேறொரு வழக்கறிஞர். தயங்காமல் அடித்துவிடலாம்.

கண்டெடுத்ததை இணைப்பாக மட்டும் சேமிக்காதீர்கள். டிஜிட்டல் நூலகம் என்ஐசி (nic.in) இணைய முகவரியிலிருந்து சன்சத் (sansad.in) முகவரிக்கு மாறியபோது பழைய கட்டுரைகளில் இருந்த சுட்டிகள் பயனற்றுப் போயின. பிடிஎஃப்பை இறக்கி, கோப்பின் பெயரிலேயே அவை, தேதி, பத்தி எண் அல்லது வழக்கு எண், விசாரணை நாள் ஆகியவற்றைப் போட்டு வையுங்கள்.