பழைய பெட்ரோல் டிரக்குக்கு டைமிங் வைக்க எது சரி: பல்பா, லைட்டா, கேஜா, காதா?

எங்களிடம் ஒரு மகிந்திரா எஃப்சி 150 இருக்கிறது. 1960களின் நடுவில் வந்த, மூக்கு இல்லாத சின்ன டிரக். ஜீப்பில் இருக்கும் அதே நாலு சிலிண்டர் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின்தான், இரண்டு சீட்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். பண்ருட்டியிலிருந்து கடலூர் முதுநகருக்குப் பலாப்பழம் ஏற்றிய வண்டி. இப்போது வேலை குறைவு, ஆனால் நிற்க விடுவதில்லை. மாசி மகத்துக்கு முன்னால் அதன் டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பாகம்) மாற்றினோம். பழையதில் ஷாஃப்ட் ஆட ஆரம்பித்திருந்தது, பாயிண்ட் கேப்பை, அதாவது உள்ளே திறந்து மூடித் தீப்பொறியைத் தூண்டும் தொடுமுனைகளின் இடைவெளியை, எவ்வளவு சரிசெய்தாலும் ஒரு வாரம் நிற்கவில்லை.

மாற்றிக் கொடுத்த மெக்கானிக் காதாலேயே டைமிங் வைத்தார். டைமிங் என்பது பிஸ்டன் உச்சிக்கு வர எவ்வளவு முன்னால் பிளக்கில் தீப்பொறி விழ வேண்டும் என்ற கணக்கு. "தம்பி, தட்டுற வரைக்கும் முன்னாடி கொண்டு போயி, அப்புறம் ஒரு மயிரிழை பின்னாடி இழுத்துட்டா போதும்" என்றார். தட்டுவது என்றால் பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடித்து எஞ்சினில் வரும் டக்டக் சத்தம். இழுவை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெயிலில் ஓடி நின்ற பிறகு சாவி போட்டால் ஸ்டார்ட்டர் பாதி சுற்றில் உதைத்து நிற்கும். டைமிங் லைட் (தீப்பொறி விழும் ஒவ்வொரு முறையும் மின்னும் விளக்கு) வைத்துப் பார்த்தபோது 14 டிகிரியில் இருந்தது. இந்த எஞ்சினுக்குச் சொல்லப்பட்டிருப்பது டிடிசிக்கு (பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலை) முன் 5 டிகிரி. அன்றிலிருந்து நாலு முறைகளையும் இதே வண்டியில் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். தோன்றியதை எழுதுகிறேன்.

எந்த முறையாக இருந்தாலும் முதலில் பாயிண்ட் கேப். இந்த எஞ்சினுக்கு 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். கேப் கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் தானாக முன்னால் போய்விடும். டைமிங்கை வைத்துவிட்டு அப்புறம் கேப்பைத் தொட்டால் வைத்த டைமிங் வீண். இன்னொன்று, டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது 180 டிகிரி தப்பாகப் போய்விடுமோ என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். ஹரிக்கேன் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரின் அடி நாக்கு நடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கி இருக்கும், ஆயில் பம்ப் தண்டின் பிளவில் ஒரே ஒரு விதமாகத்தான் இறங்கும். அம்பாசிடர் பெட்ரோலிலும் நாக்கு இப்படித்தான். ஆயில் பம்பை யாராவது கழற்றியிருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அப்போது ஒண்ணாம் நம்பர் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் கட்டைவிரலை வைத்து, காற்று விரலைத் தள்ளுகிற சுற்றில் ரோட்டர் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் துண்டு) எங்கே நிற்கிறது என்று பார்த்து, அங்கிருந்து 1-3-4-2 என்ற சிலிண்டர் வரிசையில் வயரை மாட்ட வேண்டும். ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும்.

சரி, பல்பு முறை. 12 வோல்ட் பல்பு, ஹோல்டர், இரண்டு வயர், இவ்வளவுதான் செலவு. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, வண்டியை டாப் கியரில் போட்டு மெல்ல முன்னால் தள்ளி, புல்லியில் உள்ள 5 டிகிரி குறி முள்ளுக்கு நேராக வரும்போது நிறுத்துங்கள். குறியைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் இழுத்து நேர் செய்யாதீர்கள், பல்சக்கர இடைவெளியில் ஒன்றிரண்டு டிகிரி தொலைந்துவிடும். நன்றாகப் பின்னால் போய் மறுபடியும் முன்னோக்கி வாருங்கள். பல்பின் ஒரு வயரைக் காயிலிலிருந்து (பேட்டரி மின்சாரத்தை உயர் வோல்ட்டாக்கும் பாகம்) டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையிலும் இன்னொன்றை பாடியிலும் மாட்டி சாவியைப் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டர் சுற்றும் திசையில் திருப்பினால் பல்பு அணையும். பிறகு எதிர்த்திசையில் இம்மி இம்மியாகத் திருப்ப, பல்பு எரிகிற அந்த நொடியில் கிளாம்பை இறுக்கிவிட வேண்டும். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டு விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், காயில் சூடாகிக் கெடும். பல்பு இல்லாத காலத்தில் பாயிண்ட் நடுவே சிகரெட் தாளை வைத்து, அது நழுவுகிற இடத்தைப் பிடிப்பார்கள். அதுவும் இதே தத்துவம்தான்.

புல்லியில் டிடிசி குறி மட்டும் இருந்து 5 டிகிரி குறி தெரியாவிட்டால் புல்லியில் ஒரு நூலைச் சுற்றி அளந்து 72ஆல் (360ஐ 5ஆல் வகுத்தது) வகுங்கள். 470 மில்லிமீட்டர் சுற்றளவு என்றால் ஆறரை மில்லிமீட்டர் தள்ளி ஒரு கோடு. நம் கடற்கரைக் காற்றில் அந்தப் பழைய குறிகள் துருவில் மறைந்துதான் கிடக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெள்ளை பெயிண்ட் வையுங்கள்.

டைமிங் லைட்டுக்கும் பல்புக்கும்தான் உண்மையான போட்டி. பல்பு நின்ற எஞ்சினை அளக்கிறது, லைட் ஓடுகிற எஞ்சினைக் காட்டுகிறது. ஒண்ணாம் நம்பர் வயரில் கிளிப்பை மாட்டி, வேக்கம் அட்வான்ஸ் குழாய் (எஞ்சின் உறிஞ்சலால் டைமிங்கை முன்னால் நகர்த்துவது) இருந்தால் பிடுங்கி அடைத்துவிட்டு, மெதுவான ஐடிலில் (ஆக்ஸிலேட்டர் கொடுக்காத ஓட்டம்) குறியைப் பார்க்க வேண்டும். ஐடில் கூடுதலாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னால் தள்ளும் எடைகள் விரிய ஆரம்பித்து, குறி முன்னால் போய் நம்மை ஏமாற்றும். பகல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது, சாயங்காலம் செய்யுங்கள். ஐடில் டைமிங்கைச் சரியாக வைக்கும் வேலையில் லைட் பல்பைவிடப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை, என் வண்டியில் இரண்டுக்கும் ஒரு டிகிரிதான் வித்தியாசம் வந்தது. ஆனால் ஆக்ஸிலேட்டரை மெல்லக் கொடுக்கும்போது குறி சீராக முன்னால் நகர்கிறதா, குதிக்கிறதா, நகராமலே நிற்கிறதா என்பது லைட்டுக்கு மட்டும்தான் தெரியும். குதித்தால் ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருக்கிறது, நகராவிட்டால் எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றன. பழைய சாமான் கடையில் வாங்கிய டிஸ்ட்ரிபியூட்டருக்கு இந்தச் சோதனை கட்டாயம். வேறு எஞ்சினுக்கான எடையும் ஸ்பிரிங்கும் உள்ளே இருந்தால் ஐடிலில் 5 டிகிரி அழகாக நிற்கும், வேகத்தில் எங்கேயோ போய்விடும். பாயிண்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் கிட் போட்டவர்களுக்கும் லைட்தான் நம்பகமான வழி.

வேக்கம் கேஜில் (எஞ்சின் உறிஞ்சும் அளவைக் காட்டும் மீட்டர்) எனக்கு நம்பிக்கை இல்லை. இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டி, முள் உச்சம் தொடும் வரை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, முள்ளை ஒரு அங்குலம் (பாதரச அளவு) இறக்கி இறுக்குவது முறை. நல்ல எஞ்சின் கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலம் காட்டும். நமக்குக் கடலூரிலும் புதுச்சேரியிலும் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தும், கொடைக்கானலில் ஏழு அங்குலம் போல குறையும். ஆனால் கார்புரேட்டர் அடியில் கேஸ்கட் கசிந்தாலும் முள் இறங்கும், வால்வு சரியில்லை என்றாலும் இறங்கும். டைமிங்கைப் பற்றிக் கேட்டால் அது எஞ்சின் முழுவதையும் பற்றிப் பேசுகிறது. அதோடு, ஐடிலில் எஞ்சின் விரும்புகிற டைமிங் பாரம் இழுக்கும்போது தேவையான டைமிங்கைவிடப் பொதுவாக முன்னால்தான் இருக்கும். கார்புரேட்டர் சரிசெய்யக் கேஜை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது காது. அந்த மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் தொழில் கற்ற காலத்துப் பெட்ரோலுக்கு அது சரியான முறை. அந்தப் பெட்ரோலில் ஆக்டேன் (தட்டாமல் தாங்கும் திறன்) குறைவு, டைமிங் கொஞ்சம் முன்னால் போனாலே எஞ்சின் தட்டும், அந்தச் சத்தமே எல்லைக்கோடு. இப்போது பங்கில் கிடைப்பது 91க்கு மேல் ஆக்டேன், எத்தனால் வேறு கலந்திருக்கிறது. இந்த எஞ்சினின் கம்ப்ரஷனோ (கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது) 7க்குப் பக்கத்தில்தான். அதனால் 12, 14 டிகிரி போனாலும் தட்டாது. சத்தத்துக்காகக் காத்திருந்து திருப்பிக்கொண்டே போனால் ஸ்டார்ட்டர்தான் முதலில் உடையும். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்கிற ஜீப்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும்.

அதற்காகக் காதை விட்டுவிட வேண்டியதில்லை, கடைசிப் பரீட்சைக்கு அது வேண்டும். பல்பில் 5 டிகிரி வைத்து, சாயங்காலம் லைட்டில் குறியின் நடையைப் பார்த்து, மறுநாள் உச்சி வெயிலில் பாரத்தோடு கேப்பர் மலை ஏற்றத்தில் டாப் கியரில் ஏற்றினேன். தட்டவில்லை, ஆனால் கொஞ்சம் சோம்பல் தெரிந்தது. 2 டிகிரி கூட்டி 7 ஆக்கினேன், சோம்பல் போனது, சூடான பிறகும் ஸ்டார்ட்டர் உதைக்கவில்லை. பின்னால் இழுத்து வைத்தால் பத்திரம் என்று நினைக்காதீர்கள், டைமிங் பிந்தினால் சைலன்சர் பக்கம் சூடு ஏறும், ரேடியேட்டர் கொதிக்கும், பெட்ரோலும் கூடக் குடிக்கும்.

லைட் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றும்போது ஒரு சாயங்காலத்துக்கு இரவல் கிடைத்தால் போதும். பல்பு மட்டும் வண்டியிலேயே இருக்கட்டும். கிளாம்பை இறுக்கிய பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் பாடியிலும் பிளாக்கிலும் சேர்த்து ஒரே கோடாகக் கிழித்து வைத்திருக்கிறேன். வழியில் யாராவது கை வைத்தால் தெரிந்துவிடும்.