கதவை மாட்டும் முன் மேல் விளிம்பைப் பார்த்துவிடுங்கள்

வீட்டின் உள் கதவுகளை மாற்றவோ, இருக்கிற கதவுக்கு ஸ்டெயின் (மரச் சாயம்) அடிக்கவோ ஆள் தேடுகிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்.

நாங்கள் பேசியது இதுதான்: உப்பிப்போன கதவுகளைக் கழற்றிவிட்டு முழு மரக் கதவு போட வேண்டும், மற்ற பழைய கதவுகளை அதே நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒப்பந்தக்காரர் போனில் காட்டிய படங்கள் எல்லாம் பளபள. வேலை முடிந்த அன்று எங்கள் கதவுகளும் அப்படித்தான் இருந்தன.

மழை தொடங்கியதும் புதுக் கதவு ஒன்று தரையில் உரச ஆரம்பித்தது. வேறொரு தச்சரை வைத்துக் கழற்றினோம். முகத்தில் காகிதக் கனத்துக்கு ஒட்டிய மரத் தகடு (வெனீர்), உள்ளே மரத்தூள் பலகை! உயரம் குறைக்க அடியில் அறுத்தவர்கள் அந்த வெட்டுவாயில் ஒரு கோட்கூடப் பூசவில்லை. மேல் விளிம்பும் எதுவும் பூசாமல் வெறுமனே இருந்தது. ஈரம் வேகமாக உள்ளே இறங்குவது இந்த விளிம்புகள் வழியாகத்தான். முகத்தில் எத்தனை கோட் வார்னிஷ் இருந்தாலும் இதைத் தடுக்காது.

உங்கள் கதவு ஏற்கெனவே மாட்டியாகிவிட்டதா? ஸ்டூலில் ஏறி மேல் விளிம்பைக் கையால் தடவுங்கள். சொரசொரவென்று இருந்தால் பூசவில்லை என்று அர்த்தம். அடிப்பக்கத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைத் தரையில் தள்ளிப் பார்க்கலாம். முழு மரமானால் கதவின் நெடுக்குச் சட்டத்தின் முனையில் மரத்தின் வளைய ரேகைகள் தெரியும். தூளும் பசையுமாகத் தெரிந்தால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள்.

பழைய கதவுகளின் கதை இன்னும் மோசம். ஸ்டெயின் மரத்துக்குள் இறங்க வேண்டிய சாயம். இவர்கள் பழைய வார்னிஷை எடுக்காமல் அதன்மேலேயே இழுத்துவிட்டார்கள். கைப்பிடி ஓரத்தில் நகம் பட்டாலே உரிகிறது. புகார் சொன்னதும் மெஷினைக் கொண்டுவந்து ஒரு மூலையில் வெனீரே தேய்ந்துபோகும்வரை தேய்த்தார்கள், பிறகு பட்டி வைத்து அடைத்தார்கள். பட்டி மரம்போலச் சாயம் குடிக்காது. இன்று அந்த இடத்தில் தேமல் மாதிரி ஒரு திட்டு. மரநாரின் திசை பார்க்காமல் தேய்த்த கீறல்களையும் சாயம் எடுத்துக் காட்டுகிறது.

சாயம் பூசும் முன் கதவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். முத்தாக நின்றால் பழைய வார்னிஷ் இன்னும் இருக்கிறது. மரம் உறிஞ்சினால் பூசலாம். நிறத்தை அட்டையில் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே மரத் துண்டில், மேலே அடிக்கும் வார்னிஷோடு சேர்த்துப் பூசிக் காட்டட்டும், ஏனென்றால் வார்னிஷ் ஏறியதும் நிறம் ஆழமாகும். கடைசித் தவணையைக் கதவு ஒரு ஈரமான பருவத்தைத் தாண்டும்வரை நிறுத்திவைக்க முடியுமானால் எழுத்திலேயே பேசிவிடுங்கள். மறுக்கிறவரை நான் கூப்பிட மாட்டேன்.

எங்கள் ஒப்பந்தக்காரர் இப்போது கீல்தான் தொய்ந்துவிட்டது என்கிறார். கீல் நன்றாகத்தான் இருக்கிறது.