பழைய காரில் இன்ஜெக்டர் போச்சு என்றால், ஒழுகுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கம் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். எங்கள் வீட்டு 2004 மாருதி ஜென்னுக்கு நாலு இன்ஜெக்டரும் (என்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) புதிதாக மாற்றியதாகச் சொல்லி ஒரு வொர்க்‌ஷாப்பில் என்னிடம் 18,500 ரூபாய் வாங்கினார்கள். போட்டுக் கொடுத்தது பழைய சாமான். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அதன் பிறகு பத்து நாள், பெட்ரோல் கசிகிற வண்டியில் அம்மாவை உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

அம்மாவின் கண் சிகிச்சைக்காக வாரம் ஒருமுறை கோயம்புத்தூர் போய் வருகிறோம். இரண்டு மாதம் முன்பு வண்டி ஒரு புதுப் பழக்கம் பிடித்தது. காலையில் சற்று இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். ஓடிச் சூடான வண்டியை டீ குடிக்க இருபது நிமிடம் நிறுத்தினால் போதும், பிறகு கிளம்பவே கிளம்பாது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினால் இருமி இருமிப் பிடிக்கும், பின்னால் கறுப்புப் புகை வரும், உள்ளே பெட்ரோல் வாடை அடிக்கும். லிட்டருக்குப் பதினைந்து கொடுத்த வண்டி பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டது.

ஒருநாள் தமிழ்நாட்டு எல்லை தாண்டிக் கோயம்புத்தூர் சாலையில் வண்டி நின்றுவிட்டது. பக்கத்திலேயே ஒரு வொர்க்‌ஷாப். அந்த ஆள் பானெட்டைத் திறந்தார், என்ஜினை ஒருதரம் முறுக்கிக் கேட்டார், ஒரு சின்ன ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். பத்து நிமிடத்தில் தீர்ப்பு: "மேடம், நாலு இன்ஜெக்டரும் போச்சு. ஒண்ணு மாத்தினா மத்த மூணும் பின்னாலேயே போகும்." அம்மா வெயிலில் உட்கார்ந்திருந்தார். சரி என்றேன். சாயங்காலம் வண்டி கைக்கு வந்தது. பில் கேட்டதற்கு ஒரு வெள்ளைத் தாளில் "இன்ஜெக்டர் 4, லேபர்" என்று எழுதித் தொகையைப் போட்டுக் கொடுத்தார். பழையதைக் கேட்டேன். "அதெல்லாம் ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு மேடம்" என்றார். இரண்டு மணி நேரத்திலா?

ஸ்கேனர் விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பலரும் அதில்தான் மயங்குகிறோம். எந்த இன்ஜெக்டர் ஒழுகுகிறது என்று அது சொல்லாது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை வைத்து, கலவையில் பெட்ரோல் அதிகம் என்ற அளவுக்குத்தான் சொல்லும். அதற்குக் காரணம் இன்ஜெக்டராக இருக்கலாம், பெட்ரோலின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டராக இருக்கலாம், சென்சாராகவே இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்கக் கையால்தான் வேலை செய்ய வேண்டும்.

முதல் மூன்று நாள் வண்டி நன்றாக ஓடியது. அப்புறம் பழைய கதைதான், வாடை மட்டும் முன்பைவிட அதிகம். பத்தாம் நாள் ஆயில் அளவு பார்க்கக் குச்சியை உருவினேன். மேல் கோட்டையும் தாண்டி நின்றது. ஆயில் தண்ணீர் மாதிரி வழிந்தது, முகர்ந்தால் பெட்ரோல் நெடி. சிலிண்டருக்குள் சொட்டிய பெட்ரோல் எரியாமல் கீழே இறங்கி ஆயிலில் கலந்திருக்கிறது. அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் எல்லாம் தேய்ந்து என்ஜினே போய்விடும்.

அப்போதுதான் என்னுடன் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் சித்தூரில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் அனுப்பினார். அவர் மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். செய்வதை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார். முதலில் ரெகுலேட்டரிலிருந்து வேக்குவம் குழாயைப் பிடுங்கி உள்ளே முகர்ந்தார். அதில் பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறது என்று அர்த்தமாம், இன்ஜெக்டரைத் தொடவே வேண்டாம். அது காய்ந்துதான் இருந்தது.

பிறகு பெட்ரோல் லைனில் அழுத்தம் காட்டும் ஒரு கேஜை மாட்டினார். சாவியைப் போட்டதும் முள் மூன்று பார் பக்கம் ஏறியது. சாவியை எடுத்த பிறகு அது அங்கேயே நிற்க வேண்டும், இறங்கினாலும் மெல்லத்தான் இறங்க வேண்டும். எங்கள் வண்டியில் இரண்டே நிமிடத்தில் ஒன்றுக்கு வந்துவிட்டது. அடுத்து, மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பிப் போகும் ரப்பர் குழாயைக் கிடுக்கியால் இறுக்கிவிட்டுப் பார்த்தார். அப்போது முள் நின்றிருந்தால் பழி ரெகுலேட்டர் மேல். பம்பிலிருந்து வரும் குழாயை, முள் ஏறிய உடனே இறுக்கிப் பார்த்தார். அப்போது நின்றிருந்தால் பழி பம்பின் வால்வு மேல். இரண்டையும் இறுக்கியும் முள் இறங்கியது. மிச்சம் இன்ஜெக்டர்தான். மொத்தம் அரைமணி நேர வேலை. முதல் ஆள் இதில் ஒன்றையும் செய்யவில்லை.

அடுத்ததை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம், நெருப்போடு விளையாடுவது அது. என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, இக்னிஷன் காயிலின் இணைப்பைக் கழற்றி, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்ஜெக்டர்கள் மாட்டியிருக்கும் ரெயில் என்ற பெட்ரோல் குழாயோடு நாலையும் வெளியே தூக்கினார். கீழே வெள்ளை அட்டை. என்னைச் சாவியை மட்டும் போட்டுப் போட்டு எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் பம்ப் இரண்டு மூன்று வினாடிதான் ஓடும். "டீச்சரே, இங்கே வாங்க. இது கண்டோ?" என்றார். மூன்றாவதின் நுனியில் வேர்வை மாதிரி பூத்து, திரண்டு, அட்டையில் சொட்டென்று விழுந்தது. ஐந்து நொடி கழித்து அடுத்தது. நான்காவதின் நுனியும் ஈரமாகத்தான் இருந்தது. மற்ற இரண்டும் காய்ந்திருந்தன.

பிறகு நாலையும் துணியில் துடைத்து வரிசையாக வைத்தார். உடம்பெல்லாம் பளபள. நகத்தால் சுரண்டினேன், வெள்ளி பெயின்ட் உரிந்து வந்தது, அடியில் துரு. வயர் மாட்டும் பிளாஸ்டிக் பழுத்து மஞ்சளாக இருந்தது. மேல்வாய்க்குள் இருக்கும் சின்னச் சல்லடை கரிக்கட்டை. எண்களைப் படித்தோம்: இரண்டில் ஒரு எண், மற்ற இரண்டில் வேறு எண். அதாவது வெவ்வேறு வண்டிகளிலிருந்து பிரித்து எடுத்தவை. ஒரே என்ஜினில் ஆளுக்கொரு அளவில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தன. இன்ஜெக்டரில் மாட்டும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒவ்வொன்றும் தட்டையாகிக் கல்லாக இறுகியிருந்தது, அது கசியாமலிருக்கச் சுற்றி சிலிக்கான் பசை வேறு. பெட்ரோல் பட்டால் சிலிக்கான் ஊறிப் பிய்ந்துவிடும். அங்கிருந்து வெளியேயும் கசிந்திருக்கிறது. அவர் முகம் மாறிவிட்டது. "வண்டி கத்திப் போயிருக்கும், டீச்சரே" என்றார். எரிந்து போயிருக்கும் என்கிறார்.

ஓ-ரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களும் கேஸ்கெட்டுகளும் மாற்ற வேண்டி வரலாம் என்று 2025-இல் மத்திய அரசே சொல்லியிருக்கிறது. அதனால் இன்ஜெக்டரைக் கழற்றினால் ஓ-ரிங்கைப் புதிதாகத்தான் போடச் சொல்லுங்கள். ஒழுகுகிற இன்ஜெக்டர் எல்லாவற்றையும் தூக்கிப் போடவும் தேவையில்லை. அழுக்கு உட்கார்ந்து மூடாமல் இருந்தால் ஒலி அலையால் கழுவும் அல்ட்ராசானிக் கிளீனிங்கில் சரியாகும். கோயம்புத்தூரில் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் கடைகளில் நாலையும் கண்ணாடிக் குழாய்கள் மேல் மாட்டி, சம அளவு ஊற்றுகிறதா, மூடிய பின் சொட்டுகிறதா என்று நம் கண்முன்னே காட்டுவார்கள். உள்ளே ஊசி தேய்ந்திருந்தால் மட்டும் மாற்றியே ஆக வேண்டும். என் வண்டியோடு வந்த நாலில் எது ஒழுகியது, கழுவினாலே போதுமாயிருந்ததா என்று இனி எனக்குத் தெரிய வழியில்லை. என்னை அதிகம் உறுத்துவது அதுதான்.

ஒரே எண் கொண்ட புது இன்ஜெக்டர் நாலு, ஓ-ரிங், ஆயில், ஆயில் ஃபில்டர், கறுத்துப்போன பிளக்குகள் என்று மறுபடியும் செலவு. இப்போது சூட்டிலும் ஒரே திருப்பில் பிடிக்கிறது.

முதல் வொர்க்‌ஷாப்புக்குப் போய்க் கேட்டேன். "நாங்க போட்டது இது இல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வேலை ஆரம்பிக்கும் முன் எண் தெரியப் படம் எடுத்திருந்தால் அவர் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. நல்லவேளை, பணத்தை யுபிஐயில் அனுப்பியிருந்தேன், வெள்ளைத் தாளும் பத்திரமாக இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்ததால் கோயம்புத்தூருக்கு அலைய வேண்டுமோ என்று முதலில் பயந்தேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், நமக்குப் பாலக்காடு. செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, நடந்த இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். வழி தெரியாதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துக் கேட்கலாம்.

புகார் கொடுத்துவிட்டேன். சித்தூர் மெக்கானிக் சேட்டன் என்ன பார்த்தார் என்பதைத் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார். பெயின்ட் உரிந்த அந்த நாலு இன்ஜெக்டரும் ஒரு டப்பாவில் என் மேசை மேல் இருக்கின்றன. கூப்பிடும் தேதியில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.