மாஸ்காட் இடம்: காசுக்கு விக்கலாமா, குலுக்கிப் போடலாமா?

மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ப்ளேயர்ஸ் வரிசையா வெளிய வரும்போது ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுக்கிட்டு ஒரு சின்னப் பிள்ளை வரும்ல, இங்கிலாந்துல அந்தப் பிள்ளையத்தான் மாஸ்காட்னு சொல்றாங்க. டிவில பாக்குற நமக்கு அது அரை நிமிஷம், அந்தப் பிள்ளை வீட்டுல அது ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டுற போட்டோ. இந்த இடத்தை சில கிளப் காசுக்கு விக்குது, சில கிளப் ஜூனியர் மெம்பர்ஸுக்குள்ள குலுக்கிப் போடுது, சில நேரம் ஸ்பான்சர் கையில போகுது, சில நேரம் உடம்பு சரியில்லாத பிள்ளைங்களுக்கோ பக்கத்து ஸ்கூல் பிள்ளைங்களுக்கோ குடுக்குறாங்க. நான் இருக்கறது லண்டன்ல ஈஸ்ட் ஹாம், இங்க ஃபுட்பால் இல்லாத தெருவே கிடையாது, என் பையன் ஏழு வயசுல "நான் எப்பப்பா அப்படி நடப்பேன்"னு கேட்டதுலேர்ந்து இதைப் பத்தி யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.

முதல்ல காசு வாங்குற வழி. 2018ல இது பெரிய செய்தியாச்சு, வெஸ்ட் ஹாம் கிளப் ஒரு பிள்ளைக்கு 700 பவுண்ட் வரைக்கும் வாங்குதுன்னு வந்துச்சு, இன்னைக்கு நம்ம காசுக்கு 70,000 ரூபாய்க்கு மேல. அதே சமயம் மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல், லிவர்பூல் மாதிரி பெரிய கிளப்புங்க எதுவும் வாங்கலன்னும் வந்துச்சு. வெஸ்ட் ஹாம் 2016 மே வரைக்கும் ஆடுனது எங்க ஏரியாவுக்குப் பக்கத்துல அப்டன் பார்க்ல இருந்த போலீன் கிரவுண்ட்ல, சுத்தி இருக்கறது டாக்ஸி ஓட்டுறவங்க, கடையில நிக்குறவங்க, ஆஸ்பத்திரில நைட் ஷிப்ட் பாக்குறவங்க. இவங்க பிள்ளைக்கு 700 பவுண்ட்ன்றது ஒரு மாச வாடகைல பெரிய பங்கு.

காசு வாங்குறவங்க பக்கம் நியாயமே இல்லன்னு சொல்ல மாட்டேன். பேக்கேஜ்னா சும்மா கையைப் பிடிச்சு நடக்குறது மட்டும் இல்ல, பொதுவா முழு கிட், அப்பா அம்மாவுக்கு டிக்கெட், ஸ்டேடியம் சுத்திக் காட்டுறது, கேப்டனோட போட்டோ, புரோகிராம்ல பேருன்னு நிறைய சேர்த்துக் குடுக்குறாங்க, பிள்ளைங்களைப் பாத்துக்க தனியா ஆள் வேணும், அந்த செலவு உண்மையான செலவுதான். இன்னொன்னு, காசு குடுத்தா தேதி உறுதி. பொறந்தநாளுக்கு முன்னாடியே புக் பண்ணி தாத்தா பாட்டி சேர்ந்து காசு போட்டு குடுக்குற வீடு எனக்குத் தெரியும், அந்தப் பிள்ளைக்கு அதைவிட நல்ல பரிசு வேற இருந்திருக்காது. ஆனா எனக்கு உறுத்துறது என்னன்னா சில இடத்துல எதிர் டீம் யாருன்னு பாத்து விலை ஏறுது. கிட் அதே கிட், டூர் அதே டூர், அப்போ ஏறுன காசு எதுக்கு, அந்த நடைக்குத்தான? அங்கதான் கிளப் பொருளை விக்கல, பிள்ளையோட ஆசையை விக்குதுன்னு எனக்குத் தோணுது.

இது கோயில்ல சிறப்பு தரிசன டிக்கெட் மாதிரிதான, வசதி இருக்கறவன் குடுத்துட்டுப் போறான், உனக்கென்னன்னு ஒரு நண்பர் கேட்டார். பொருந்தாதுங்க. தர்ம தரிசன வரிசைல நாலு மணி நேரம் நின்னாலும் கடைசில சாமியப் பாத்துட்டுதான் வருவோம். இங்க பதினோரு இடத்தையும் வித்துட்டா அந்த இன்னொரு வரிசையே கிடையாது.

கணக்கையும் பாத்துருவோம். இங்கிலாந்தோட மேல் டிவிஷனான ப்ரீமியர் லீக்ல ஒரு கிளப்புக்கு சொந்த மைதானத்துல வருஷத்துக்கு 19 லீக் மேட்ச், மேட்சுக்கு 11 பிள்ளைன்னா 209 இடம், அத்தனையும் 700 பவுண்டுக்கே வித்தாலும் 1,46,300 பவுண்ட். 2023-24 சீசன்ல கடைசி இடத்துல முடிச்ச ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கே லீக்லேர்ந்து டிவி காசெல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 11 கோடி பவுண்ட் போச்சு. அதுல இது ஆயிரத்துல ஒண்ணோ ஒண்ணரையோ. ஒரு நல்ல ஸ்ட்ரைக்கரோட ஒரு வார சம்பளம் அவ்வளவுதான். இந்தக் காசு இல்லன்னா கிளப் ஓடாதுன்னு ப்ரீமியர் லீக்ல யாரும் சொல்ல முடியாது.

கீழ் டிவிஷன்ல கதை வேற. நாலாவது டிவிஷனான லீக் டூல 23 ஹோம் மேட்ச், 253 இடம், ஒரு கணக்குக்கு இடத்துக்கு 100 பவுண்ட்னு வச்சா 25,300 பவுண்ட், அங்க அது யூத் டீம் கோச் ஒருத்தரோட வருஷ சம்பளத்துக்குக் கிட்ட வரும். டிவி காசு அங்க அந்த அளவுக்குப் போகாது, 2019ல பரி கிளப் பண நெருக்கடில லீக்கை விட்டே வெளிய போனதைப் பாத்தோம். என் தங்கச்சி பையன் அந்த மாதிரி ஒரு சின்ன கிளப்ல மாஸ்காட்டா போனான், கட்டணம் வாங்குனாங்க, கிட்டும் டிக்கெட்டும் கழிச்சா கிளப்புக்கு பெருசா எதுவும் மிஞ்சியிருக்காது. கோல்கீப்பர் அவன் பேரைக் கேட்டு, ரெண்டு தடவை தப்பா சொல்லி, மூணாவது தடவை சரியா சொல்லி கூட்டிட்டுப் போனார், பையன் இன்னைக்கும் அந்த கோல்கீப்பர் எந்த கிளப்ல இருக்கார்னு தேடிப் பாக்குறான். அந்தக் காசை நான் குறையே சொல்ல மாட்டேன்.

அடுத்து குலுக்கல். இலவசம்னு சொன்னாலும் முழு இலவசம் இல்ல, ஜூனியர் மெம்பர்ஷிப் எடுத்திருக்கணும், அதுக்கு ஒரு தொகை உண்டு. ஆனா அது வசதி கம்மியான வீட்டுக்கும் முடியுற தொகை, அதுக்கப்புறம் வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கும் பஸ் டிரைவர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே ஒரு சீட்டுதான். குறை என்னன்னா பெரிய கிளப்ல மெம்பர் பிள்ளைங்க ஆயிரக்கணக்குல இருப்பாங்க, இடமோ ரெண்டு நூறு சொச்சம். என்கூட வேலை பாக்குறவர் நாலு வருஷமா பொண்ணுக்கு மெம்பர்ஷிப் கட்டுறார், ஒரு மெயில் கூட வரல, இப்போ அவளுக்கு பத்து வயசு, வயசு வரம்பு தாண்டுறதுக்குள்ள வருமான்னு ஒவ்வொரு சீசனும் கேக்குறார். அவர்கிட்ட போய் குலுக்கல்தான் நியாயம்னு சொல்றது எனக்கே கஷ்டமா இருக்கு. இருந்தாலும் சொல்றேன், கிடைக்கலன்னா அது அதிர்ஷ்டம் இல்லன்னு பொண்ணுகிட்ட சொல்லிரலாம், அப்பாகிட்ட காசு இல்லம்மான்னு சொல்ல வேண்டியதில்ல.

இலவசமா குடுக்குற கிளப்பெல்லாம் பிள்ளைங்க பக்கம் நிக்குற கிளப்னும் எடுத்துக்கக் கூடாது. மான்செஸ்டர் யுனைடெட் 2024 நவம்பர்ல மிச்சம் இருந்த மெம்பர் டிக்கெட்டை 66 பவுண்ட் ஆக்குச்சு, பிள்ளைங்களுக்கும் வயசானவங்களுக்கும் சலுகை கிடையாது. மாஸ்காட் இடம் வருஷத்துக்கு ரெண்டு நூறு பிள்ளைக்கு, சீட் டிக்கெட் ஆயிரக்கணக்கான பிள்ளைக்கு, எது பெரிய அடின்னு யோசிச்சுப் பாருங்க.

ஸ்பான்சர் வழியப் பத்தி ரொம்ப சொல்ல வேண்டியதில்ல. உலகக்கோப்பைல மெக்டொனால்ட்ஸ்தான் பல வருஷம் இதை நடத்துச்சு, 64 மேட்ச், மேட்சுக்கு 22 பிள்ளை, மொத்தம் 1,408 பேர். 2018 ரஷ்யாவுல கியா மூலமா இந்தியாவிலேர்ந்தே ரெண்டு பிள்ளைங்க பந்து எடுத்துட்டுப் போனாங்க, பெருமையா இருந்துச்சு. குடும்பத்துக்கு செலவில்ல, ஆனா பிள்ளை கம்பெனிக்கு விளம்பரமா நிக்குது, கிளப் அளவுல வந்தா அந்த இடம் ஸ்பான்சரோட வாடிக்கையாளர் வீட்டுக்குப் போயிடவும் வாய்ப்பிருக்கு.

கடைசி வழி, தேவை இருக்குற பிள்ளைக்குக் குடுக்குறது. பிராட்லி லோவரியை மறக்க முடியுமா, நியூரோபிளாஸ்டோமாங்கற புற்றுநோயோட போராடுன குட்டி சண்டர்லாண்ட் ரசிகன், 2017 மார்ச்ல வெம்ப்ளி ஸ்டேடியத்துல அப்போ சண்டர்லாண்ட் ஸ்ட்ரைக்கரா இருந்த ஜெர்மெய்ன் டிஃபோ கையைப் பிடிச்சு இங்கிலாந்து டீமோட நடந்தான், அந்த ஜூலைல ஆறு வயசுல போயிட்டான். டிஃபோ அழுததை டிவில பாத்துட்டு எங்க வீட்டுல யாரும் பேசல. இந்த இடங்களை எந்த விலைப்பட்டியலும் தொடவே கூடாது. 11 இடமும் வித்துட்டோம், அடுத்த மாசம் பாக்கலாம்னு சொல்ற நிலைல ஒரு கிளப் இருக்கவே கூடாது, சில பிள்ளைங்களுக்கு அடுத்த மாசம் இருக்காது.

இன்னொரு காட்சியும் மனசுல வரும். 1996 நவம்பர்ல லிவர்பூல் கிளப்போட ஆன்ஃபீல்ட் மைதானத்துல எவர்டன் மாஸ்காட்டா போன 11 வயசுப் பையன், வார்ம் அப்ல எவர்டன் கோல்கீப்பர் நெவில் சவுத்தால் தலைக்கு மேல பந்தைத் தூக்கிப் போட்டான். அது பின்னாடி இங்கிலாந்து கேப்டன் ஆன வெய்ன் ரூனி. லிவர்பூல்ல குரோக்ஸ்டெத்ங்கற ஏரியால, கவுன்சில் வாடகைக்குக் குடுக்குற வீட்டுல வளர்ந்த பிள்ளை. ரூனி எப்படியும் ப்ளேயர் ஆகியிருப்பார், அதை விடுங்க, அதே தெருவுல ப்ளேயர் ஆகாத மத்த பிள்ளைங்களுக்கும் அந்த ஒரு நாள் வாய்க்கணும்ல.

அப்போல்லாம் பொதுவா டீமுக்கு ஒண்ணு ரெண்டு மாஸ்காட்தான். 2000ல நடந்த யூரோ கோப்பைப் போட்டில ஆளுக்கொரு பிள்ளைன்னு பாத்தோம், அப்புறம் அது கிளப்புக்கும் பரவி இடம் பதினொண்ணாச்சு, விக்க வழியும் வந்துச்சு. பதினொண்ணு ஆனதே நல்லதுதான், பிரிக்குற விதத்தை மாத்துனா போதும். ப்ரீமியர் லீக்ல மூணு இடம் தேவை இருக்குற பிள்ளைங்களுக்கும் பக்கத்து ஸ்கூலுக்கும், எட்டு இடம் குலுக்கலுக்கு, கிட் வேணுங்கறவங்க கடை விலைக்கு வாங்கிக்கட்டும், நடைக்கு காசு கிடையாது. கீழ் டிவிஷன்ல பாதி இடம் விக்கலாம், ஆனா எதிர் டீம் யாரா இருந்தாலும் ஒரே விலை, அதுக்கும் ஒரு உச்சவரம்பு. நடக்காத காரியம் இல்ல இது, வெளியூர் ரசிகர் டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல போகக் கூடாதுன்னு ரசிகர்கள் வருஷக்கணக்கா போராடி 2016-17லேர்ந்து ப்ரீமியர் லீக் கிளப் எல்லாம் ஒத்துக்கிச்சு.

அதுவரைக்கும் பேக்கேஜ் வாங்கலாம்னு இருக்கவங்க கட்டுறதுக்கு முன்னாடி கிளப்புக்கு ஒரு மெயில் போட்டு கேளுங்க, பதினோரு இடத்துல எத்தனை விக்குறீங்க, எத்தனை குலுக்குறீங்கன்னு.