சின்ன ஸ்லாட்டில் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு: அறுப்பதா, ரைசரா, வேறு கார்டா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஆல்பம் போடும் ஸ்டூடியோ, பத்திரிகை டிசைன் செய்யும் கடை என்று பல இடங்களில் ஓடுவது ஏதோ ஒரு கம்பெனி கழித்துவிட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர்தான். அதில் கிராஃபிக்ஸ் கார்டு செருகும் நீளமான எக்ஸ்16 ஸ்லாட் ஒன்றுதான் இருக்கும். அதிலும் ஏற்கனவே ஒரு கார்டு உட்கார்ந்திருக்கும், இல்லாவிட்டால் ஸ்லாட்டே செத்திருக்கும். இன்னும் இரண்டு மானிட்டர் வேண்டும் என்றதும் கண் கீழே இருக்கிற குட்டி ஸ்லாட்டின் (எக்ஸ்1 அல்லது எக்ஸ்4) மேல் விழுகிறது.

அதற்கு முன் காசில்லாத வழி ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கார்டு போட்டவுடன் பல போர்டுகள் பிராசஸரோடு வரும் கிராஃபிக்ஸை அணைத்துவிடும். கம்ப்யூட்டர் எழும்போதே நுழையும் அமைப்புப் பக்கமான பயாஸில் ‘ஐஜிபியு மல்டி மானிட்டர்’ என்றோ அதைப் போன்ற பெயரிலோ இருப்பதை இயக்கினால் பின்பக்கத்து விஜிஏ, டிஸ்ப்ளேபோர்ட் உயிர் பெறும். பாதிப் பேருக்கு வேலை இதோடு முடிந்துவிடலாம்.

முடியாதவர்களுக்கு: எக்ஸ்16 கார்டு எக்ஸ்1 ஸ்லாட்டில் வேலை செய்யும். பிசிஐ எக்ஸ்பிரஸில் கார்டும் போர்டும் பேசிக்கொண்டு, இருக்கிற பாதை எத்தனையோ அத்தனையில் இணைந்துகொள்ளும். எக்ஸ்1, எக்ஸ்4, எக்ஸ்16 என்பவை அந்தப் பாதைகளின் எண்ணிக்கைதான். கார்டின் தங்கப் பட்டையில் இருக்கும் வெட்டுப் பள்ளம் எல்லா அளவிலும் 11ஆம் பின்னுக்குப் பிறகு ஒரே இடத்தில்தான். எக்ஸ்1 ஸ்லாட் 25 மில்லிமீட்டர், எக்ஸ்4 39, எக்ஸ்16 89. தடுப்பது குட்டி ஸ்லாட்டின் கடைசியில் நிற்கும் பிளாஸ்டிக் சுவர் மட்டுமே. ஆனால் எல்லோரும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு வாட்டை மறந்துவிடுகிறார்கள்.

12 வோல்ட் பின்கள் எல்லா ஸ்லாட்டிலும் அதே ஐந்துதான், பள்ளத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். ஆகவே கார்டு கேட்கும் கரண்டை எக்ஸ்1 ஸ்லாட்டும் கொடுக்கப் பார்க்கும். விதி சொல்வது வேறு: எக்ஸ்1-க்கு 10 வாட், அதிகம் போனால் 25, எக்ஸ்4-க்கு 25, கிராஃபிக்ஸுக்கான எக்ஸ்16-க்கு 75. என்விடியாவின் ஜிடி 710 கார்டு சுமார் 19 வாட், ஜிடி 1030 30 வாட், ஜிடிஎக்ஸ் 1650 75 வாட். கடைசி ஆசாமியைக் குட்டி ஸ்லாட்டில் நேராகச் செருகினால் திரை வரலாம். வேலை ஏறும்போது அணைந்து எழும், அல்லது ஒருநாள் போர்டிலுள்ள தடம் கருகும். தனி 6 பின் வயர் உள்ள கார்டும் ஸ்லாட்டிலிருந்து ஒரு பங்கு இழுக்கத்தான் செய்யும்.

இனி வழிகளுக்கு வருவோம்.

சில போர்டுகளில் எக்ஸ்4 ஸ்லாட்டின் பின்சுவர் பிறவியிலேயே திறந்திருக்கும். அதுதான் முதல் மரியாதைக்குரிய வழி, செலவே இல்லை. வேறு சிலவற்றில் உருவம் எக்ஸ்16, உள்ளே இணைப்பு எக்ஸ்4. டார்ச் அடித்து உள்ளே எவ்வளவு தூரம் பின் இருக்கிறது என்று பாருங்கள்.

மூடிய ஸ்லாட்டை அறுப்பது அடுத்தது. பயமுறுத்தும் அளவுக்கு அது கடினமில்லை. அறுக்கும் இடத்தைவிட அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். கார்டின் மீதிப் பட்டை போர்டுக்குச் சில மில்லிமீட்டர் மேலே அந்தரத்தில் நீளும். அந்த வரிசையில் நிற்கும் கபாசிட்டர், பேட்டரி, சாட்டா சாக்கெட், சிப்செட் ஹீட்சிங்க் எது இருந்தாலும் இந்த வழி அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் பவர் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி, போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுங்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுங்காலோடு நிற்கிறவருக்குக் கம்பளத்தில் நிற்பவரைப் போல நிலைமின்சாரம் சேராதுதான். இருந்தாலும் கேபினட் இரும்பைத் தொட்டுவிட்டே போர்டைத் தொடுவது நல்லது. சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஸ்லாட்டின் கடைசிப் பின்களுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகுங்கள். கார்டு 1.6 மில்லிமீட்டர் தடிமன், ஆகவே சுவரின் நடுவே 2 மில்லிமீட்டர் அகலம் போதும். சுவர் முழுவதையும் எடுத்தால் ஸ்லாட் தளர்ந்துவிடும். உடைத்த ஹாக்ஸா பிளேடால் இரண்டு கோடு போட்டு, நடுத்துண்டை நிப்பரால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து எடுங்கள், ஸ்லாட்டின் உள்தரை மட்டம் வரை. சால்டரிங் அயர்னால் உருக்குவது வேண்டாம்: பிளாஸ்டிக் வழிந்து பின்னில் ஒட்டும், பின் சாயும். முடிந்ததும் பிரஷ், ஐசோபுரோபைல் ஆல்கஹால், பூதக்கண்ணாடி. இரும்புத் தூள் ஒரு துளி மிஞ்சினாலும் ஷார்ட்.

எக்ஸ்1-ஐ அறுத்தபின் கார்டின் 64 மில்லிமீட்டர் காற்றில் நிற்கும், கடைசிப் பிடிகொக்கியும் கிடையாது. பிராக்கெட் திருகை இறுக்கி, கனமான கார்டாக இருந்தால் அடியில் மரத்துண்டு முட்டுக் கொடுங்கள்.

போர்டை அறுக்க மனசில்லாமல் கார்டின் தங்கப் பட்டையை எக்ஸ்1 நீளத்துக்கு வெட்டுபவர்களும் உண்டு. காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய தேக்குக் கதவை அறுத்துச் சின்னதாக்கிக் கொண்டுபோனால் என்ன விலை சொல்வார்களோ, அதே கதைதான். பல அடுக்குச் செம்புத் தடங்கள் வெட்டு விளிம்பில் ஒன்றையொன்று தொட வாய்ப்புண்டு. அந்தக் கார்டு இனி எந்தப் போர்டிலும் எக்ஸ்16 வேகத்தில் ஓடாது. குப்பைக்குப் போகிற கார்டுக்கு மட்டும் செய்யுங்கள்.

ரைசர் என்பது ஸ்லாட்டில் செருகி, கார்டைக் கேபிளால் தள்ளி வைக்கும் இணைப்புத் துண்டு. அதற்கு ஒரு பெரிய நன்மை: எதையும் அறுக்க வேண்டியதில்லை, பவரும் வெளியிலிருந்து வரும். கிரிப்டோ நாணயம் தோண்டியவர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்த, யூஎஸ்பி 3 கேபிள் உள்ள வகை மலிவு. கேபிள்தான் யூஎஸ்பி, ஓடுவது யூஎஸ்பி அல்ல. அதைக் கம்ப்யூட்டரின் யூஎஸ்பி துளையில் செருகிப் பார்க்காதீர்கள். கரண்டைப் பவர் சப்ளையின் நான்கு பின் மோலெக்ஸிலோ 6 பின்னிலோ கொடுங்கள். ஹார்ட் டிஸ்குக்கான சாட்டா பவரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். கார்டு 75 கேட்டால் அந்தச் சாக்கெட் இளகிக் கருகும். பவர் வயர் இல்லாத ரிப்பன் ரைசர் நீளத்தைத்தான் தீர்க்கும், வாட்டைத் தீர்க்காது. ரைசரின் உண்மையான குறை இடம்: சின்னக் கேபினட்டுக்குள் கார்டைத் திருக இடமே இருக்காது. மூடியைக் கழற்றி வெளியே வைத்தால் தூசியும் பல்லியும் வந்து சேரும்.

என்விஎம்இ எஸ்எஸ்டி செருகும் எம்.2 துளை காலியாக இருந்தால் அதிலிருந்து எக்ஸ்4 எடுக்கும் அடாப்டரும் கிடைக்கிறது. வேகத்தில் இது ரைசரைவிடப் பல படி மேல், தனிப் பவர் கட்டாயம், எஸ்எஸ்டிக்கான இடம் போகும்.

கடைசியாக, பிறப்பிலேயே எக்ஸ்1 ஆன கார்டு. ஜிடி 710-ல் அப்படி வந்திருக்கிறது. அறுப்பு, முட்டு, வயர் எதுவும் வேண்டாம். பில்லும் டாலியும் இன்னொரு திரையில் தெரிந்தால் போதும் என்கிற கடைக்கு நம் ஓட்டு இதற்குத்தான். இரண்டு பொறிகள் உண்டு. இதன் டிரைவர் 470 வரிசையோடு நின்றுவிட்டது. நீள ஸ்லாட்டில் அதே என்விடியாவின் புதிய ஆர்டிஎக்ஸ் இருந்தால் இரண்டும் ஒரே டிரைவரில் சேராது. இன்னொன்று, இது ஹெச்.265 என்ற முறையில் சுருக்கிய வீடியோவைத் தானே பிரிக்காது. கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய பெரிய வீட்டின் முகப்பில் பதினாறு கேமரா பார்க்கும் திரைக்கு இதைப் போட்டால் சுமை முழுக்க பிராசஸர் தலையில் விழும். அங்கே ஜிடி 1030 சரி. பட்டை எக்ஸ்16 நீளம் இருந்தாலும் அதன் இணைப்பே எக்ஸ்4 என்பதால், அறுத்த எக்ஸ்4 ஸ்லாட்டில் வேகம் குறையாது. 30 வாட் என்பது 25-ஐ லேசாகத் தாண்டுவதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். வாங்கும்போது நினைவகம் ஜிடிடிஆர்5 என்று பார்த்து வாங்குங்கள். டிடிஆர்4 வகை ரொம்ப மந்தம்.

வேகம் பற்றி: பிசிஐஇ (பிசிஐ எக்ஸ்பிரஸ்) 2.0 எக்ஸ்1-ல் விநாடிக்கு 500 மெகாபைட், 3.0-ல் 985. மானிட்டர் காட்டுவதற்கு மட்டும் இந்தப் பாதை செலவாகாது, படம் கார்டுக்குள்ளேயே உருவாகிறது. ஆனால் பெரிய கார்டு உருவாக்கிய ஜன்னலைக் குட்டிக் கார்டின் திரைக்கு இழுத்தால் ஒவ்வொரு சட்டமும் (ஃபிரேம்) பாதை வழியே வர வேண்டும். ஃபுல் ஹெச்டி, விநாடிக்கு 60 சட்டம் என்றால் சுமார் 498 மெகாபைட். 2.0 எக்ஸ்1 அங்கே மூச்சுத் திணறும், திரை திக்கித் திக்கி ஓடும். ஆல்பம் வேலைக்கு எக்ஸ்4 போதும். வீடியோ எடிட்டிங், கேம் இரண்டுக்கும் எக்ஸ்1-ஐ நினைக்கவே வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செருகியும் கார்டு தெரியவில்லை என்றால், பெரும்பாலும் குற்றவாளி ‘கார்டு இருக்கிறது’ என்று சொல்லும் பின். எக்ஸ்16 கார்டு ஏ1 பின்னைக் கடைசியில் உள்ள பி81-ஓடு இணைக்கும் (ஏ, பி என்பவை கார்டுப் பட்டையின் இரண்டு பக்கங்கள்). குட்டி ஸ்லாட்டுக்கு வேண்டியது பி17. கார்டிலேயே ஏ1-ஐயும் பி17-ஐயும் மெல்லிய எனாமல் கம்பியால் இணைத்தால் பிடிவாதமான போர்டுகளும் ஒப்புக்கொள்ளும். தெரிந்தும் அடிக்கடி உறைந்தால் பயாஸில் அந்த ஸ்லாட்டை ஜென் 2 (பிசிஐஇ 2.0) வேகத்துக்கு, ரைசர் என்றால் ஜென் 1-க்கு இறக்குங்கள். விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் டபிள்யூஹெச்ஈஏ லாகர் (வன்பொருள் பிழை) வரிகள் குவிந்தால் ரைசர் கேபிளைச் சந்தேகியுங்கள். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் இணைப்பு அகலத்தைப் பார்க்கும்போது பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட்டை ஓடவிட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போது மெதுவான 1.1 என்றுதான் காட்டும்.