கோர்ட்டில் மனநிலை அறிக்கை எழுத எந்தப் படிப்பு?

குற்றம் செய்தவரின் மனநிலையை ஆராய்ந்து நீதிமன்றத்துக்குச் சொல்லும் தடயவியல் உளவியலாளர் வேலைக்குப் போக வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதும் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜி (மருத்துவ உளவியல்), கிரிமினாலஜி (குற்றவியல்), சோஷியல் வொர்க் (சமூகப் பணி) என்று மூன்று வழி இருக்கிறது. மூன்றும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடாது.

கிளினிக்கல் சைக்காலஜிதான் நீளமானது. பட்டம் 3 ஆண்டு, அதன்மேல் ஆனர்ஸ் 1, இன்டர்ன்ஷிப்போடு மாஸ்டர்ஸ் 2, பிறகு கட்டாய சமூக சேவை 1. ஆக 7 ஆண்டு, அதுவும் எங்கும் தடங்கல் இல்லாவிட்டால். மாஸ்டர்ஸ் இடங்கள் மிகக் குறைவு. நல்ல மார்க் எடுத்தவர்களே மறுபடி மறுபடி விண்ணப்பிக்கிறார்கள். சுகாதாரத் தொழில் கவுன்சிலின் தேர்வையும் எழுதிப் பதிவு பெற வேண்டும்.

அப்படியும் என் ஓட்டு இதற்குத்தான். 1977 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 77, 78, 79ஆம் பிரிவுகளைப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு விசாரணை புரிகிறதா, செய்தது தவறு என்று அப்போது தெரிந்ததா, தெரிந்தும் தன்னைக் கட்டுப்படுத்த முடிந்ததா என்பதே கேள்வி. அதற்காக ஒரு தடவைக்கு 30 நாள் வரை கண்காணிப்புக்கு அனுப்பலாம். நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ஃபோர்ட் நேப்பியர் மருத்துவமனை இந்த வேலைக்குப் பெயர்போனது. மனநல மருத்துவர்களோடு சேர்த்து நீதிமன்றம் நியமிக்கலாம் என்று சட்டம் சொல்வது கிளினிக்கல் சைக்காலஜிஸ்டைத்தான். சிறுவர்களின் குற்றப் பொறுப்பை மதிப்பிடுவதிலும் அவருக்கு இடமுண்டு.

கிரிமினாலஜி படிப்பவருக்கு உளவியலாளர் பதிவு கிடைக்காது. குற்றம் ஏன் நடக்கிறது என்ற ஆராய்ச்சி, சிறைத்துறை, தண்டனைக்கு முந்தைய அறிக்கை என்று வேலை உண்டு. வேலை பார்த்துக்கொண்டே யூனிசாவில் (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்) தொலைநிலைக் கல்வியில் படிக்கலாம். ஆனால் நோயறிதல் இவர் கையில் இல்லை.

வீட்டில் பண நெருக்கடி என்றால் சோஷியல் வொர்க்கைத் தள்ளிவிடாதீர்கள். 4 ஆண்டில் பட்டம், பதிவு, அப்புறம் புரொபேஷன் (நன்னடத்தை) அதிகாரி ஆகலாம். கைதான சிறுவனிடம் உட்கார்ந்து வீடு, பள்ளி, சகவாசம் எல்லாம் விசாரித்து அறிக்கை எழுதுபவர் இவர்தான். பெற்றோர் பலர் இதை இரண்டாம்தர வேலையாக நினைப்பது எனக்கு வருத்தம்.

எதை எடுத்தாலும் முதல் ஆண்டிலிருந்தே ஜூலு படியுங்கள். குவாசூலு-நட்டாலில் எதிரே உட்காருபவர் பெரும்பாலும் அந்த மொழியில்தான் பேசுவார். மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டால் அவர் தயங்கிய இடமும் விழுங்கிய சொல்லும் நழுவிப்போகும்.