பத்து ரூபாய்க்குப் பதினான்கு: வரியோடு சேர்த்துப் பார்த்தால் டோட் டிக்கெட் தேறுமா?

குதிரைப் பந்தயத்தில் டோட் என்பது அடிப்படையில் நேர்மையான ஏற்பாடு. எல்லோர் பணமும் ஒரே தொகுப்பில் விழும், கிளப் தன் கமிஷனை எடுக்கும், மிச்சம் ஜெயித்த டிக்கெட்டுகளுக்குப் பிரியும். எந்தக் குதிரை வந்தாலும் கிளப்புக்கு அதே பங்குதான் என்பதால் ஆட்டக்காரரை ஏமாற்ற அதற்கு எந்தக் காரணமும் இல்லை. இயந்திரமாக மட்டும் மதிப்பிட்டால் ஐந்துக்கு நான்கு தாராளமாகக் கொடுக்கலாம். கெடுப்பது அதன் மேல் ஏறும் வரி.

இந்தியாவில் 2017 ஜூலை முதல் 28% ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 40%. விகிதத்தைவிட முக்கியம், அது எதன் மேல் விழுகிறது என்பது. கமிஷனுக்கு மட்டும்தான் வரி என்று 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது. 2023இல் ஜிஎஸ்டி கவுன்சில், முழுப் பந்தயத் தொகைக்கும்தான் என்று முடிவெடுத்தது. இந்த ஒரு வித்தியாசம் டிக்கெட்டையே வேறு பொருளாக்கிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். கமிஷன் 20% என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாய்ப் பந்தயத்துக்கு வரியோடு 140 ரூபாய் கட்டுகிறீர்கள். தொகுப்புக்குள் போவது 100, சராசரியாகத் திரும்புவது 80. வரி கமிஷனுக்கு மட்டும் என்றால் கையிலிருந்து போவது 108தான், திரும்புவது அதே 80. முதல் ஏற்பாட்டில் முதலுக்கு மோசமில்லாமல் வெளியே வரவே கூட்டத்தின் சராசரியைவிட 75% திறமையாக ஆட வேண்டும், இரண்டாவதில் 35% போதும். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் 75% திறமைசாலி எத்தனை பேர்?

இதில் நேரடியாக அடிபடுவது ஃபேவரிட்டில், அதாவது கூட்டம் அதிகம் நம்பும் குதிரையில், வின் (முதலிடம்) போடுபவர்தான். பத்து ரூபாய்க்கு 14 ரூபாய் டிவிடெண்ட் (போட்ட பணமும் சேர்த்துத் திரும்பும் தொகை) என்று பலகையில் வந்தால், கட்டியதும் 14, வாங்குவதும் 14. குதிரை ஜெயித்தும் கைக்கு ஒன்றும் மிஞ்சாது. 13 வந்தால் ஜெயித்தே தோற்றதாக அர்த்தம். குதிரை முதல் சில இடங்களுக்குள் வந்தாலே பணம் தரும் பிளேஸ் டிக்கெட்டில் இது இன்னும் அடிக்கடி நடக்கும். ஆகவே கவுண்டருக்குப் போகுமுன் பலகையில் உள்ள தொகையை 1.4ஆல் வகுத்துப் பாருங்கள். பத்துக்குக் கீழே வந்தால் நடையைக் கட்டுங்கள்.

டனாலா (முதல் மூன்று குதிரைகளை வரிசைப்படி சொல்வது), ஜாக்பாட் (தொடர்ந்து பல ரேஸ்களில் ஜெயிப்பவற்றைச் சொல்வது) மாதிரிப் பெரிய தொகை தரும் பந்தயங்களில் 1.4 அவ்வளவாக உறுத்தாது. அங்கே காத்திருப்பது வருமான வரி. வென்ற தொகை 10,000 ரூபாயைத் தாண்டினால் 30% பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அதற்கு முன் வரிசையாகத் தோற்ற டிக்கெட்டுகளை இதில் கழிக்க வழியில்லை. குதிரை வைத்திருப்பவருக்கு மட்டும் சின்னச் சலுகை: பராமரிப்பு நஷ்டத்தை நான்கு ஆண்டுகள் வரை முன்னெடுத்து, பந்தயக் குதிரை வருமானத்திலேயே ஈடுகட்டலாம்.

சேவையின் தரமும் இதனால்தான் சரிகிறது. திரும்பும் பணம் குறைந்தால் அடுத்த ரேஸில் போடும் பணம் குறையும். மேலே சொன்ன கணக்கில் 140 ரூபாயோடு வந்து, திரும்புவதையெல்லாம் மறுபடி போட்டுக்கொண்டே போனால் மொத்தம் ஏறக்குறைய 233 ரூபாய்க்குத்தான் ஆட முடியும். வரி கமிஷனுக்கு மட்டும் என்றால் 500. தொகுப்பு வற்றினால் கடைசி நிமிடத்தில் விழும் ஒரு பெரிய பந்தயம் டிவிடெண்டைப் பாதியாக்கிவிடும். டோட் மேல் இருக்கும் முக்கியப் புகாரே இதுதான். கமிஷன் குறைய, ஜெயிக்கும் குதிரைகளின் உரிமையாளர்களுக்குப் போகும் பரிசுத் தொகை குறையும். உரிமையாளர்கள் குதிரை வாங்கத் தயங்குவார்கள். ஐந்து குதிரை ஓடும் ரேஸில் டனாலா ஆட யாருக்கும் ஆர்வம் இராது. மிச்சக் கூட்டத்தைச் சீட்டே எழுதாத கள்ளப் புக்கி அள்ளிக்கொள்வான். அவனிடம் வரியும் இல்லை, பணம் வராவிட்டால் கேட்க நாதியும் இல்லை.

ஹாங்காங் 2006இல் இதைத் திருத்திக்கொண்டது. மொத்தப் பந்தயத் தொகையின் மேல் இருந்த வரியை, ஜெயித்த டிக்கெட்டுகளுக்குக் கொடுத்தது போக மிஞ்சும் தொகைக்கு மாற்றினார்கள். விகிதம் 72.5 முதல் 75% வரை. கேட்கவே பயங்கரம், ஆனால் கவுண்டரில் நிற்பவர் அதைத் தனியாகக் கட்டுவதில்லை. பிரிட்டனிலும் 2001 அக்டோபர் வரை கடைகளில் 9% பிடித்தார்கள். பந்தயத் தொழில் வெளிநாட்டுக்கு நகரத் தொடங்கியதும் அதை எடுத்துவிட்டு, நிறுவனத்தின் மொத்த லாபத்துக்கு 15% என்று மாற்றினார்கள்.

இப்போதைய இந்திய டோட்டுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை. பன்னிரண்டு குதிரைக்கு மேல் ஓடும் ரேஸில், கூட்டம் கவனிக்காத குதிரையின் மேல் பத்துக்கு ஐம்பதுக்குக் குறையாமல் பலகை காட்டினால் ஒரு டிக்கெட் எடுக்கலாம். ஃபேவரிட் பக்கம் போக வேண்டாம்.